ஸ்தோத்திரம் என்றாள்

ஜனவரி 18, பாளையங்கோட்டை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் தலைக்கு மை அடிக்கிறவன். இது எனக்கும் என் மனைவி சற்குணத்துக்கும் குளியலறைக் கண்ணாடிக்கும் மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது. இன்று காலை ஆராதனையில் சபை முழுக்கத் தெரிந்துவிட்டது.

நாலு மாத ஊழியப் பயணத்துக்கு எங்களை அனுப்பிவைக்கிற ஜெபம். நானும் டைட்டஸும் முழங்காலில் நின்றோம். வழக்கமாக விரலில் எண்ணெயைத் தொட்டு நெற்றியில் வைப்பார்கள். இன்று நேரலை ஓடியதால், எங்களைக் கூட்டிப்போகிற செல்வின் அண்ணன் கிண்ணத்தோடு என் தலையில் கவிழ்த்துவிட்டார். நேற்று அவசரமாக அடித்த மலிவு மை. எண்ணெயோடு சேர்ந்து காதோரம் இரண்டு கறுப்பு ஓடைகளாக இறங்கி, என் வெள்ளைக் காலரை நனைத்து, அண்ணனுடைய சட்டைக் கை வரைக்கும் போய்விட்டது. கண்ணைத் திறந்துகொண்டு ஜெபிக்கிற கூட்டம் ஒன்று எல்லாச் சபையிலும் உண்டு. முன்வரிசையில் ஒரு அம்மா பக்கத்து அம்மாவிடம், "பாவமெல்லாம் கரைஞ்சு ஓடுது பாத்தியளா" என்றார். நான் இன்னும் குனிந்துகொண்டேன். அதைத் தாழ்மை என்று நினைத்திருப்பார்கள்.

அண்ணன் என்றால் வயதில் மூத்தவர் என்று அர்த்தமில்லை. எனக்கு ஐம்பத்திரண்டு, அவருக்கு நாற்பத்தெட்டு. பெரிய கூட்டங்களில் பிரசங்கம் பண்ணுகிறவர்களுக்கு அண்ணன் என்பது பதவி. டைட்டஸ் கேமரா, நேரலை, ஊர்வம்பு மூன்றையும் கவனிக்கிறவன். நான் வேதமாணிக்கம், கீபோர்டு. பாட்டுக்கு வாசிப்பது சின்ன வேலை. அண்ணன் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் மெதுவாக ஒரு சுருதியை நிறுத்திவைப்பதுதான் பெரிய வேலை. அண்ணன் இடது கையைப் பின்னால் கட்டி ஒரு விரலை ஆட்டினால் சோகம். இரண்டு விரல் என்றால் வெற்றி. எந்த வார்த்தைக்கு எந்த விரல் என்று அவருக்குத் தெரியும். எந்தக் கட்டைக்கு எத்தனை கைக்குட்டை வெளியே வரும் என்று எனக்குத் தெரியும்.

சற்குணத்துக்கு மார்பில் சின்னதாக ஒரு கட்டி. ஊசியால் எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு இந்த மாதக் கடைசியில் வரும். "நான் போகவா, இருக்கவா?" என்று கேட்டேன். "உங்க இஷ்டம்" என்றாள். இருபத்தாறு வருஷமாக அதைச் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

ஜனவரி 21, கொழும்பு

விமானத்தில் காது அடைத்தது. இன்னும் திறக்கவில்லை. அண்ணனுடைய பிரசங்கம் பாதிதான் கேட்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஜனவரி 24, கொழும்பு

தங்கியிருக்கும் இடத்தில் சமையல் பண்ணுகிற பண்டா என்கிற சிங்களவர் எங்களிடம் ஒரு வார்த்தை கற்றுக்கொண்டார். அந்த ஒன்றே போதும் என்று கண்டுபிடித்துவிட்டார். காலையில் கதவைத் திறந்தால் "ஸ்தோத்திரம்". இடியாப்பம் வைத்தால் "ஸ்தோத்திரம்". இன்னும் வேண்டுமா என்றால் ஸ்தோத்திரம், போதும் என்றாலும் ஸ்தோத்திரம்.

யோசித்தால் நாங்களும் அப்படித்தான். வணக்கத்துக்குப் பதில் அது. போன் எடுத்தால் ஹலோவுக்குப் பதில் அது. பாஸ்டர் பேசி முடிக்காமல் இழுத்தால் பின்வரிசையிலிருந்து கொஞ்சம் அழுத்திச் சொன்னால் 'உட்காருமய்யா' என்று பொருள். கல்யாண வீட்டில் சொல்கிறோம். சாவு வீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழையும்போதும் அதையேதான் சொல்கிறோம்.

ஜனவரி 29, கொழும்பு

இன்று பெரிய கூட்டம். மைதானம் நிறைந்துவிட்டது. இந்த நாளை எழுதிவைக்க வேண்டும்.

கூட்டம் தொடங்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது சற்குணத்தின் போன். மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் சத்தம். ஒரு காதைப் பொத்திக்கொண்டேன்.

"என்னட்டி, ரிசல்ட் வந்துட்டா?"

"வந்துட்டுங்க."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

 "ஸ்தோத்திரம்ங்க" என்றாள்.

"ஸ்தோத்திரமா! அல்லேலூயா! நான் சொன்னேம்லா!"

"நீங்க சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள். அதற்குள் டைட்டஸ், "வே, கிளம்பும் வே, அண்ணன் மேடைக்குப் போயாச்சு" என்று என் முழங்கையைப் பிடித்து இழுத்தான். வைத்துவிட்டேன்.

படியேறும்போது அண்ணன் காதில், "வீட்டுல ரிசல்ட் வந்துட்டுண்ணே. ஸ்தோத்திரம்னு சொல்லிட்டா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அண்ணன் என் தோளை அழுத்தினார்.

பிரசங்கத்தின் நடுவே அவர் நின்றார். "இந்த மேடையில கீபோர்டு வாசிக்கிற என் தம்பி" என்று என்னைக் காட்டினார். (நாலு வருஷம் மூத்த தம்பி.) "இவர் மனைவிக்குப் புற்றுநோய்க் கட்டி! மருத்துவர்கள் கைவிரித்தார்கள்! அந்த நிலையிலும் மனைவியை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வந்தார்! இன்று, இந்த மணி நேரத்தில், கட்டி இல்லை!"

டாக்டர் யாரும் கையை விரிக்கவில்லை, ஊசிதான் குத்தினார் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது முதுகுக்குப் பின்னால் இரண்டு விரல் ஆடியது. வாசித்தேன். மைதானம் எழுந்து நின்றது. என் வாழ்க்கையில் எனக்காக யாரும் எழுந்து நின்றதில்லை. பஸ்ஸில்கூட.

ஜனவரி 30

சற்குணம் கூப்பிட்டாள். நேரலையில் பார்த்திருக்கிறாள். அவள் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் காலை ஜெபத்தில் அறிவித்துக் கைதட்டினார்களாம்.

"நான் சுகமாயிட்டேனாமே?"

"ஆமாட்டி. நீதான சொன்ன?"

"நான் ஸ்தோத்திரம்னு சொன்னேன்."

"அதத்தான நானும் சொல்லுதேன்!"

"சரிங்க" என்றாள். "ப்ரெஷர் மாத்திரை சிவப்பு டப்பால இருக்கு. கறுப்புல வைக்கல."

குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. ஊரில் பனி அதிகமாம்.

பிப்ரவரி 4, ஹட்டன்

தேயிலைத் தோட்டங்கள். குளிரில் என் விரல் மடங்கவில்லை. ஒரு பாட்டு முழுக்க ஒரு கட்டை தள்ளி வாசித்தேன். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளிலிருந்து வந்த பெண்கள் அதற்கும் சரியாகவே பாடினார்கள். கூட்டம் முடிந்து ஒரு வீட்டில் ரொட்டியும் தொட்டுக்கொள்ளக் காரமான கட்டச் சம்பலும் கொடுத்தார்கள். இந்தப் பயணத்தில் இதுவரை நான் உண்மையாக நன்றி சொன்ன ஒரே இடம் அதுதான்.

சாட்சி வளர்கிறது. கொழும்பில் கட்டி. இங்கே 'எலுமிச்சம்பழ அளவு கட்டி'.

பிப்ரவரி 6, ஹட்டன்

மதுரையிலிருந்து ரெஜினா மதினியின் போன். சற்குணத்தின் அக்கா. அவர் என்னோடு பேசுவது கிறிஸ்துமஸுக்கும் இழவுக்கும் மட்டும்.

"தம்பி, அவ ஒங்ககிட்ட வெவரமா சொல்லிருக்க மாட்டா. நான் சொல்லுதேன். அது கேன்சருதான். ஆபரேஷன் உடனே செய்யணும்னு சொல்லிட்டாங்க. நீங்க பொறப்பட்டு வாங்க."

"மதினி, அவ ஸ்தோத்திரம்னுல்லா..."

"பின்ன என்னய்யா சொல்லுவா? ஒப்பாரியா வைப்பா? நீரு பக்கத்துல இல்ல, அவ வாயில வந்தது அதுதான்."

அண்ணனிடம் போனேன். முகச்சவரம் பண்ணிக்கொண்டிருந்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பிரதர், நாம அறிவிச்சாச்சு. இப்ப பின்வாங்குனா யாருக்கு அவமானம்? எனக்கா? ஆண்டவருக்கு. அவங்க விசுவாசத்துல நிக்கட்டும். மலேசியாவுல, கிள்ளான்ல போஸ்டர் அடிச்சாச்சு. 'நேரடிச் சாட்சி'ன்னு ஒங்க படத்தையும் போட்டிருக்காங்க." பிறகு கொஞ்சம் அன்பாக, "போகணும்னா போங்க. நான் தடுக்க மாட்டேன். ஒங்க இஷ்டம்" என்றார்.

மதினிக்குப் போன் பண்ணி, கிள்ளான் கூட்டம் மட்டும் முடியட்டும், ஒரு பத்து நாள் பொறுங்கள், நல்ல டாக்டராக நானே வந்து பார்க்கிறேன் என்றேன். மதினி போனை வைத்துவிட்டார். இந்த மலையில் சிக்னல் சரியில்லை.

பிப்ரவரி 8, கொழும்பு

நல்ல செய்தி! சற்குணமே கூப்பிட்டாள்.

"நீங்க வர வேண்டாங்க. மதுரைல வேற டாக்டரப் பாத்தோம். ஒண்ணுமில்லையாம்."

"ஒண்ணுமில்லையா? நெசமாவாட்டி?"

"நெசமாத்தான். வெறும் கொழுப்புக்கட்டியாம். நீங்க நிம்மதியா போய்ட்டு வாங்க."

"மதினி அப்படிச் சொன்னாங்களே?"

"அவ பயந்தாங்கொள்ளி. ஒங்களுக்குத்தான் தெரியுமே."

ரெஜினா மதினி வீட்டுக்குள் வந்த நல்ல பாம்பை விளக்குமாற்றால் அடித்துக் கொன்றவர். இருந்தாலும் மனிதர்கள் மாறுவார்கள். நான் துள்ளினேன். பண்டாவைக் கட்டிப் பிடித்தேன். அவர் ஸ்தோத்திரம் என்றார். அண்ணனிடம் சொன்னபோது, "நான் சொல்லல?" என்றார், நான் சற்குணத்திடம் சொன்ன அதே தொனியில்.

ஆக அண்ணன் மேடையில் சொன்னது பொய்யல்ல. ஒரு பத்து நாள் முந்திச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். அதற்குப் பேர் தீர்க்கதரிசனம்.

பிப்ரவரி 12, கோலாலம்பூர்

சற்குணம் போன் எடுக்கவில்லை.

பிப்ரவரி 13

எடுக்கவில்லை. பரீட்சை நேரம், கணக்கு டீச்சர். கோடை விடுமுறைக்குள் எடுப்பாள்.

பிப்ரவரி 15, கிள்ளான்

பேசினாள். மதுரையில் அக்கா வீட்டில் இருக்கிறாளாம். லீவாம். பொதுத்தேர்வு நெருங்கும்போது சற்குணம் லீவு போட்டதாகச் சரித்திரம் இல்லை. என் அப்பா செத்ததற்கே ஒன்றரை நாள்தான் போட்டாள். அரை நாள் ஏன் என்று அப்போது கோபப்பட்டேன்.

வீடியோவில் வா என்றேன். கேமரா கெட்டுவிட்டதாம். பின்னால் யாரோ, "அம்மா, கைய மடக்காதீங்க" என்றார்கள். யார் என்றேன். டிவி என்றாள்.

பிப்ரவரி 22, கிள்ளான்

போஸ்டரில் என் படம் அண்ணன் படத்தில் பாதி அளவு. தலைமுடி நல்ல கறுப்பு. ஊரே பார்த்துப்போகிறது. டைட்டஸ் மூன்று போஸ்டரைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டான். எனக்கு வேண்டுமென்று நான்தான் கேட்டேன். வேறு யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னேன். சொல்லிவிட்டான்.

இந்தச் சாட்சிக்கும் இப்போது நானே மைக் பிடிக்கிறேன். வாசித்துக்கொண்டே பேசுவேன். அழவைக்கிற கட்டையும் என் கையில், அழவைக்கிற கதையும் என் வாயில். கட்டி இப்போது தேங்காய் அளவுக்கு வந்துவிட்டது. அண்ணன் மேடையிலிருந்து இறங்கியதும், "பிரதர், சாத்துக்குடியோட நிறுத்திக்கிடுவோம்" என்றார்.

மார்ச் 3, கிள்ளான் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம்

இதை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன்.

கூட்டம் முடிந்து வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் வந்து நின்றார். மேரி லெட்சுமி. ஐம்பது வயது இருக்கும். தோட்டத்தில் எண்ணெய்ப்பனைப் பழம் பொறுக்கும் வேலை. கையில் ஒரு பை நிறைய ரம்புத்தான் பழம்.

"பிரதர், இது ஒங்க வைஃபுக்கு. ஊருக்குக் கொண்டுபோக முடியாதுலா, நீங்களே சாப்பிடுங்க. அவங்களால நான் பொழச்சேன்."

"எப்படிம்மா?"

"எனக்கும் அதே எடத்துல கட்டி. ஆஸ்பத்திரில தேதி குடுத்துட்டாங்க, அடுத்த வாரம் வெட்டணும்னு. ஒங்க சாட்சி கேட்டேன் பாருங்க, நேத்து போன் பண்ணி வேணாம்னு சொல்லிட்டேன்." சிரித்தார். பல்லெல்லாம் தெரிய, பத்து வயதுப் பிள்ளை மாதிரி.

என் வீட்டில் கேன்சர் இல்லை. கொழுப்புக்கட்டி. எனக்குத் தெரியும். இருந்தும் என் வாயில் வந்தது வேறு.

"அம்மா, நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க. அந்தத் தேதியிலயே போங்க."

அவர் சிரிப்பு நின்றது. நான் ஏதோ அசிங்கமாகப் பேசிவிட்டது போலச் சுற்றிலும் பார்த்தார். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்தார். "டெஸ்ட் பண்ணாதீங்க பிரதர். எனக்குத் தெரியும், ஊழியக்காரங்க இப்படித்தான் நம்ம விசுவாசத்த டெஸ்ட் பண்ணுவாங்க. நான் நிப்பேன்லா."

பையை வைத்துவிட்டுப் போய்விட்டார். ரம்புத்தான் இனிப்பாக இருந்தது என்று டைட்டஸ் சொன்னான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. களைப்பு.

மார்ச் 12, மொரீஷியஸ்

சற்குணம் பேசும்போது நடுவில் போனை வைத்துவிட்டு எங்கோ ஓடினாள். வாந்தி எடுக்கிற சத்தம். "என்ன ஆச்சு?" என்றேன். "அக்கா வச்ச கறி ஒத்துக்கல" என்றாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் தன் அக்காவின் சமையலைக் குறை சொன்னது இதுதான் முதல் தடவை. நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 19, மொரீஷியஸ்

இங்கே தமிழர்கள் இருக்கிறார்கள், தமிழ் இல்லை. ழான் சின்னப்பன் என்கிற பள்ளி ஆசிரியர் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர். எங்கள் ஆங்கிலத்தைக் கேட்டு அவர்கள் பேசுகிற கிரியோல் மொழியில் சொல்கிறார். நல்ல மனிதர். பொடிப்பொடியாகச் சந்தேகம் கேட்பதுதான் தொல்லை. என் சாட்சியை மேடையேறுவதற்கு முன்பே சொல்லிக்காட்டச் சொன்னார்.

"டாக்டரின் முடிவைப் பற்றிக் கேட்டபோது உங்கள் மனைவி என்ன சொன்னார்?"

"ஸ்தோத்திரம்."

"அதற்கு என்ன அர்த்தம்? நன்றியா?"

"நன்றிதான். துதி என்றும் சொல்லலாம்."

"சந்தோஷத்தில் சொல்வதா?"

"எதற்கும் சொல்லலாம்."

"துக்கத்துக்கும்?"

"எதற்கும் என்றேனே."

அவர் பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்படியானால் அவர் எதைச் சொன்னார் என்று நீங்கள் எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?"

அவருக்குத் தமிழ் தெரியாது, அதுதான் பிரச்சினை என்று விட்டுவிட்டேன். மேடையில் அவர் அந்த இடம் வந்ததும் கிரியோலில் ஒன்றும் சொல்லவில்லை. 'ஸ்தோத்திரம்' என்று எங்கள் வார்த்தையையே சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

மார்ச் 27

கிள்ளான் பாஸ்டருக்குச் செய்தி அனுப்பினேன், மேரி லெட்சுமி ஆஸ்பத்திரிக்குப் போனாரா என்று. பதில் வந்தது: 'சிஸ்டர் விசுவாசத்தில் உறுதியாக இருக்கிறார். உங்கள் ஊழியத்தின் கனி.'

ஏப்ரல் 5, டர்பன். உயிர்த்தெழுந்த ஞாயிறு

ஒரு நல்ல நாளை நல்ல நாள் என்று எழுதத்தான் வேண்டும். விடிவதற்கு முன்பே கடலைப் பார்த்த ஒரு சின்னக் கோயில். கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள். வயதானவர்கள் ஒரு பழைய தமிழ்க் கீர்த்தனையைப் பாடினார்கள். ஒருவருக்கும் பொருள் தெரியாது. ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு, லகர ளகரமெல்லாம் உதைபட்டுச் செத்துக்கிடக்க, ஆனால் நெஞ்சிலிருந்து. நான் வாசித்தேன். அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு விரலும் ஆடவில்லை. நான் அழுதேன். எந்தக் கட்டையை அழுத்தினேன் என்று இப்போது கேட்டால் தெரியாது.

பிறகு பிரியாணி. ஆட்டுக்கறி. நாலு வட்டம் வாங்கிச் சாப்பிட்டேன்.

சற்குணத்துக்குப் போன் பண்ணி அந்தப் பாட்டைச் சொல்லிக் காட்டலாம் என்று நினைத்தேன். மதினிதான் எடுத்தார். "தூங்குதா" என்றார். அங்கே பகல் ஒரு மணி.

ஏப்ரல் 16, டர்பன்

டைட்டஸ் காலையிலிருந்து என் கண்ணைப் பார்க்கவில்லை. ஊர்வம்பை அவன் வயிற்றில் வைத்திருப்பது அபூர்வம். கேமரா துடைத்துக்கொண்டே ஒருவழியாகக் கக்கினான்.

"எங்க வீட்டுல ஒண்ணு சொல்லுதா. கோவிச்சுக்கிடாதீரும். மதுரைல, ஆஸ்பத்திரில சற்குணம் அக்காவப் பாத்தாளாம். வராண்டால. தலையில துணி சுத்திட்டு."

"ஒன் பொண்டாட்டிக்குக் கண்ணு சரியா தெரியாது."

"கண்ணாடி போட்டுருக்கா வே."

"அப்ப கண்ணாடிய மாத்தச் சொல்லு."

அவன் லென்ஸுக்கு மூடியைப் போட்டான். கொஞ்சநேரம் கழித்து, "நாளைக்குச் சாட்சி இருக்கா?" என்றான்.

"இருக்கு" என்றேன்.

மே 14, பாளையங்கோட்டை

வந்துவிட்டோம். தெருமுனையில் பேனர். 'தேசங்களைக் கலக்கிய ஊழியம்'. என் பேரில் 'ணி' இல்லை. வேதமாக்கம்.

சற்குணம் கதவைத் திறந்தாள். தலையைச் சுற்றிப் பருத்தித் துண்டு. புருவம் இல்லை. புருவம் இல்லாத முகத்தில் என்ன நினைக்கிறாள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இருந்தபோது மட்டும் கண்டுபிடித்தேனா என்ன? சேலை இடதுபக்கம் தட்டையாக விழுந்திருந்தது.

"கை கால் கழுவுங்க. தோசை ஊத்துதேன்" என்றாள்.

மதினி அடுப்படியிலிருந்து வெளியே வந்து என்னைப் பார்த்தார். விளக்குமாறு கையில் இல்லை.

"எப்ப?" என்றேன்.

"பிப்ரவரி பன்னெண்டு" என்றாள் சற்குணம்.

"ஒண்ணுமில்லன்னு சொன்னியே."

"நீங்க பொறுங்கன்னு சொன்னீங்க. டாக்டர் பொறுக்கக் கூடாதுன்னு சொன்னாரு. ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு எனக்கு வாதாட முடியாதுங்க."

"எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல சற்குணம்? நான் ஒம் புருஷன்."

அவள் அடுப்படிக்குத் திரும்பினாள். மதினிதான் பதில் சொன்னார். "ஒங்க ரெண்டு பேருக்கும் பிள்ள இல்லங்கறத ஊர் ஊரா மைக்குல சொல்லி அழுதவருதான நீரு? அன்னைக்கு முன்வரிசைல ஒக்காந்திருந்தாளே, அவ என்னைக்காவது ஒம்மகிட்ட ஒரு வார்த்த கேட்டாளா? இத சொல்லியிருந்தா இதுக்கும் ஒரு ராகம் போட்டுருப்பீரு."

"அக்கா, விடு. தோச கருகுது" என்றாள் சற்குணம்.

மூன்று தோசை சாப்பிட்டேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

மே 16

அண்ணன் வீட்டுக்கு வந்தார். சற்குணத்தைப் பார்த்தார். உடனே கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தார். பார்க்காமலிருக்க அது நல்ல வழி. முடித்ததும் வாசலில் என்னிடம், "நாளைக்கு நன்றி ஆராதனை. பத்து நாடு நேரலையில பாக்குது. சிஸ்டர் தலையில முக்காடு போட்டுக்கிட்டு, சும்மா எழுந்து நின்னா போதும்" என்றார்.

உள்ளே போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டேன். வரமாட்டாள் என்று நினைத்தேன். வரமாட்டாள் என்றால் நிம்மதி என்றும் நினைத்தேன்.

"வாரேன்" என்றாள்.

மே 17, ஞாயிறு

மேடைக்கு வந்தாள். மைக்கை வாங்கினாள். வகுப்பறையில் ஒரு கணக்கை மறுபடி போட்டுக் காட்டுகிற குரல்.

"எனக்குக் கேன்சர் வந்துச்சு. தானா போகல. மதுரையில ஒரு டாக்டரம்மா ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க. நாலு ஊசி போட்டாச்சு, ரெண்டு பாக்கி. இந்த மாதிரி கட்டி இருக்கிறவங்க யாராவது கேட்டுக்கிட்டு இருந்தா, ஆஸ்பத்திரிக்குப் போங்க. இன்னைக்கே போங்க. ஸ்தோத்திரம்."

சபை ஒரு நொடி மூச்சுவிடவில்லை. என் விரல்கள் கட்டைமேல் இருந்தன. இங்கே எழுந்து, 'அவ சொல்றதுதான் உண்மை, நாலு மாசமா நான் சொன்னது இல்ல' என்று சொல்லலாம். அதற்கு அந்த ஒரு நொடி போதும்.

அண்ணன் மைக்கை எடுத்தார். "மருத்துவரின் கரத்தையும் பயன்படுத்துகிற தேவன்! அல்லேலூயா!" முதுகுக்குப் பின்னால் இரண்டு விரல் ஆடியது.

வாசித்தேன்.

சபை எழுந்து கைதட்டியது. சற்குணம் என்னைப் பார்க்காமல், படியைப் பார்த்துப் பார்த்து இறங்கினாள்.

மே 18

டைட்டஸ் வெட்டி ஒட்டிப் போட்ட வீடியோவைப் பார்த்தேன். சற்குணம் மைக்கை வாங்குகிறாள். "ஸ்தோத்திரம்" என்கிறாள். கைதட்டல். நடுவில் ஒன்றுமில்லை. "நேரம் அதிகமாப் போச்சு வே, அண்ணன்தான் சுருக்கச் சொன்னாரு" என்கிறான்.

வெட்டாத வீடியோவைக் கிள்ளான் பாஸ்டருக்கு அனுப்பச் சொன்னேன். நேரலைப் பதிவையும் சேர்த்து அழித்துவிட்டானாம். நானே பாஸ்டருக்குப் போன் பண்ணி, முதல் தடவையாக, என் வீட்டில் ஆபரேஷன்தான் நடந்தது, மேரி லெட்சுமியிடம் சொல்லுங்கள் என்றேன். "சொல்றேன் பிரதர்" என்றார். பிறகு, "ஆனா அவங்க இப்ப ரொம்ப முடியாம இருக்காங்க. இந்த நேரத்துல மனசக் கலைக்கணுமா?" என்றார்.

ஜூன் 3, மதுரை

ஐந்தாவது ஊசி. மதினிக்கு முழங்கால் வலி, அதனால் நான் கூட வந்தேன். சற்குணம் வேண்டாம் என்றாள். வேண்டாம் என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள இது ஒன்றாவது இருக்கட்டும் என்று பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஜன்னலோரம் அவளுக்கு. திருமங்கலம் வரைக்கும் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். அசையாமல் இருந்தேன். இனி இப்படியே இருந்துவிடலாம், எல்லாம் மெதுவாகச் சரியாகிவிடும் என்று தோன்றியது.

ஊசி போடும் அறையில் சின்ன வயது நர்ஸ். சற்குணத்தின் கையில் நரம்பு தேடிக்கொண்டே பேசினாள்.

"என்னக்கா, இன்னிக்கு பெரியக்கா வரலையா? இது யாரு, அண்ணனா?"

சற்குணம் என்னைப் பார்த்தாள். "ஆமா" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

நர்ஸ் என்னை வெளியே பெஞ்சு வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்தாள். "தங்கச்சிய நல்லா பாத்துக்கங்கண்ணே. தைரியமானவங்க. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட வீட்டுக்காரர் வரணும்னு டாக்டரம்மா சொன்னப்பத்தான் விஷயமே சொன்னாங்க. எங்களுக்கெல்லாம் ஒரு மாதிரி ஆயிருச்சு."

"என்ன விஷயம்?"

"என்னண்ணே, மாப்பிள்ள தவறினது உங்களுக்குத் தெரியாதா? ஜனவரியில. கொழும்புக்குப் போன இடத்துல."